பால்கோவாவும் பன்னிரண்டு கிலோமீட்டரும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டும் கொட்டகைக்குள் காலை வைத்ததும் முகத்தில் அடிப்பது பாலின் ஆவிதான். அகன்ற இரும்புக் கடாயில் பால் பொங்கித் தணிந்து கொண்டிருக்கும். நீளக் கரண்டி பிடித்தவர் கையை நிறுத்தவே மாட்டார். சற்றே அசந்தாலும் அடிப்பிடித்துவிடும். வெள்ளையாக இருந்தது மெல்லச் சந்தன நிறத்துக்கு வரும், குமிழிகள் பெரிதாகும், கரண்டியை இழுத்தால் கடாயின் அடி ஒரு கணம் தெரிந்து மறையும். இறக்க வேண்டிய பதம் அது. இந்தப் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளியூர்க்காரர்கள் ஆண்டாளைச் சேவித்துவிட்டுத் திரும்பும்போது கையில் ஒரு பெட்டி இல்லாமல் பேருந்து ஏறுவது அரிது.

அந்தக் கடாயில் நடப்பது உடல் எடையைப் பற்றிய முதல் பாடம். பத்து லிட்டர் பசும்பாலுக்கு ஒன்றேகால் கிலோ சர்க்கரை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம். பாலில் ஏறக்குறைய 6,500 கலோரி, சர்க்கரையில் 5,000 கலோரி, ஆக மொத்தம் 11,500. கிண்டி முடித்தபின் கடாயில் மிஞ்சுவது மூன்றேகால் கிலோ அளவுக்குத்தான் இருக்கும். ஆவியாகப் போனது வெறும் தண்ணீர். கலோரி ஒன்றுகூட வெளியே போகவில்லை. நூறு கிராம் பாலில் 65 கலோரி இருந்தது, நூறு கிராம் பால்கோவாவில் 350-ஐத் தாண்டிவிடுகிறது. வயிறு நிறைந்ததா என்பதை வயிறு பெரும்பாலும் உணவின் பருமனையும் எடையையும் வைத்தே அறிகிறது. இரண்டு டம்ளர் பாலைக் குடித்தவருக்கு வயிறு கனக்கும். அதே கலோரியுள்ள பால்கோவா ஓர் உள்ளங்கைக்குள் அடங்கும். சாப்பிட்ட பிறகும் மதியச் சோற்றுக்கு இடம் இருக்கும்.

கலோரி என்று பேச்சில் சொல்வது உண்மையில் கிலோகலோரி. ஒரு கிலோ தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவையான ஆற்றல். உணவுக்கு இந்த அளவுகோலைப் பொருத்திக் காட்டியவர்களில் முதன்மையானவர் அமெரிக்க வேதியியலர் வில்பர் அட்வாட்டர். 1890-களில் கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அவர் ஒரு சிறு அறையைக் கட்டி, அதற்குள் ஆட்களை நாள்கணக்கில் தங்கவைத்தார். உள்ளே போன உணவு, வெளியே வந்த கழிவு, உடல் விட்ட வெப்பம், மூச்சுக்காற்று எல்லாவற்றையும் அளந்தார். ஒரு கிராம் மாவுச்சத்துக்கு 4, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9 என்று இன்றைக்கும் பாக்கெட்டுகளின் முதுகில் அச்சாகும் கணக்கு அவர் வழியாக வந்ததுதான். மனித உடல் ஆற்றலை உண்டாக்கவும் முடியாது, மாயமாக மறைக்கவும் முடியாது என்பதை அந்த அறை நிரூபித்தது. உள்ளே வந்தது செலவாக வேண்டும், இல்லையென்றால் சேர வேண்டும்.

இவ்வளவு சொன்னதும் எல்லோருக்கும் ஒரே யோசனைதான் வரும். சாப்பிட்டதை நடந்து கரைத்துவிட்டால் போயிற்று!

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு ஏறக்குறைய 12 கிலோமீட்டர். 70 கிலோ எடையுள்ள ஒருவர் அந்தச் சாலையில் நடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சமதரையில் நடக்க, சும்மா இருக்கும்போது ஆகும் செலவுக்கு மேல், ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் அரைக் கலோரி ஆகும். ஆக அவருக்குக் கிலோமீட்டருக்கு 35 கலோரி. 12 கிலோமீட்டருக்கு 420. மேற்கே மலையைப் பார்த்தபடி இரண்டரை மணி நேரம் வியர்த்து விறுவிறுத்து நடந்து ராஜபாளையம் போய்ச் சேர்ந்தால், கரைவது நூறு கிராமுக்குச் சற்றே அதிகமான பால்கோவா. கால் கிலோ பெட்டியைத் தனியாகக் காலி செய்தவர் நடந்தே போய் நடந்தே திரும்பினாலும் கணக்கு சரியாகத் தீராது.

கைக்கடிகாரமும் ஃபோன் செயலியும் இதைவிட அதிகமாகக் காட்டும். அந்த இரண்டரை மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கக்கூடிய கலோரியையும் அவை சேர்த்துச் சொல்வது ஒரு காரணம். மூச்சு, இதயம், மூளை, ஈரல், சிறுநீரகம் என்று உடல் ஓயாமல் செலவு செய்துகொண்டேதான் இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளின் செலவில் பாதிக்கு மேல் இந்த இருப்புச் செலவுதான்.

இதற்கும் மேலே ஒரு சிக்கல் உண்டு. தான்சானியாவில் இன்றும் வேட்டையாடியும் கிழங்கும் தேனும் தேடியும் வாழும் ஹட்சா மக்களின் அன்றாட ஆற்றல் செலவை ஹெர்மன் பான்ட்ஸர் குழுவினர் அளந்து 2012-இல் வெளியிட்டார்கள். ஹட்சா ஆண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 11 கிலோமீட்டர் நடப்பவர்கள், கிட்டத்தட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் ராஜபாளையம் தூரம். அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும் அமெரிக்கர்களைவிட எவ்வளவோ அதிகம் செலவழிப்பார்கள் என்று எதிர்பார்த்துத்தான் அளந்தார்கள். உடல் அளவைக் கணக்கில் கொண்டு ஒப்பிட்டபோது இரு சாராரின் மொத்தச் செலவும் ஏறக்குறைய ஒன்றாக வந்தது. நடைக்குக் கூடுதலாகச் செலவழித்ததை உடல் வேறெங்கோ மிச்சம் பிடிக்கிறது. மீதி நேரத்தில் அசைவு குறையலாம், உள்ளுறுப்புகளின் பின்னணி வேலைகள் அடங்கலாம். 2021-இல் வந்த ஒரு பெரிய ஆய்வு, உடலுழைப்பால் கூடும் செலவில் சராசரியாக 28 விழுக்காட்டை உடல் இப்படித் திரும்ப எடுத்துக்கொள்கிறது என்று கணித்தது. அப்படியானால் அந்தச் சாலையின் 420 கலோரியில் கையில் நிற்பது 300 அளவுக்குத்தான்.

அப்படியென்றால் நடப்பதே வீணா? இல்லை. அதற்கான பதில் ஆலைத் தொழிலாளர்களிடம் கிடைக்கிறது.

ராஜபாளையம் ஆலை ஊர். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து நூற்பும் நெசவும் அந்த ஊரின் நாடித்துடிப்பு. பக்கத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெய்கிறார்கள். நூற்பாலையில் ரிங் ஃபிரேம் பார்ப்பவர் ஷிஃப்ட் முழுக்க இயந்திரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருப்பார். அறுந்த இழையைக் கண்டதும் குனிந்து ஒட்டுவார், நிமிர்வார், மறுபடி நடப்பார். அதே ஆலையின் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவருக்கு அந்த எட்டு மணி நேரமும் நாற்காலிதான். வாசலில் கடை போட்டிருப்பவர் கல்லாவை விட்டு எழுந்திருப்பதே அபூர்வம். ஒரே வளாகத்தில் மூன்று விதமான உடலுழைப்பு.

இப்படிப்பட்ட ஓர் ஆலையைத்தான் ழான் மேயர் என்ற பிரெஞ்சு அமெரிக்க ஊட்டச்சத்து விஞ்ஞானி, பூர்ணிமா ராய், காமாக்யா பிரசாத் மித்ரா ஆகிய இருவருடன் சேர்ந்து ஆராய்ந்தார். ராஜபாளையத்தில் அல்ல, மேற்கு வங்கத்தில்; பஞ்சாலை அல்ல, சணல் ஆலை. 213 ஆண்கள். கடைக்காரர், மேற்பார்வையாளர், எழுத்தர் தொடங்கி நெசவாளர், கரி அள்ளுபவர், சுமை தூக்குபவர் வரை வேலையின் கடுமைப்படி வரிசைப்படுத்தி, யார் எவ்வளவு சாப்பிடுகிறார்கள், எவ்வளவு எடை இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். 1956-இல் வெளியான முடிவு இன்றும் திரும்பத் திரும்பப் பேசப்படுகிறது.

மிதமான வேலை முதல் மிகக் கடுமையான வேலை வரை இருந்தவர்கள், உழைப்பு கூடக்கூடக் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். அவர்களின் எடையில் பெரிய மாற்றமில்லை; பசி உழைப்புக்கு ஏற்ப அளந்து கேட்டது. நாள் முழுக்க உட்கார்ந்திருந்தவர்கள் விஷயத்தில் இந்த அளவுகோல் உடைந்துபோயிருந்தது. உழைப்பு குறைவாக இருந்தும், இலேசான வேலை செய்தவர்களைவிட அவர்கள் அதிகம் சாப்பிட்டார்கள். எடையும் அவர்களுக்கே அதிகம். ஓர் எல்லைக்குக் கீழே அசைவு குறைந்துவிட்டால் பசி தன் கணக்கைத் தவறவிடுகிறது என்று மேயர் இதற்குப் பொருள் சொன்னார்.

ஓர் ஆலையில், ஒரு காலகட்டத்தில் எடுத்த ஆய்வு என்பதை மறக்கக் கூடாது. வருமானமும் சாப்பாட்டு வசதியும் ஒருவருக்கொருவர் மாறுபட்டிருக்கும். ஆனாலும் நடையின் உண்மையான பயனை இது சுட்டிக்காட்டுகிறது என்றே கொள்ளத் தோன்றுகிறது. நடை என்பது தின்ற பால்கோவாவுக்குக் கட்டும் அபராதம் அல்ல. போதும் என்று சொல்லும் குரல் காதில் விழும் எல்லைக்குள் உடலை வைத்திருப்பதுதான் அதன் வேலை. ஆலைச் சங்கு ஊதியதும் நடந்தும் சைக்கிளிலும் போனவர்களின் பிள்ளைகள் இன்று மொபெட்டிலும் ஆலைப் பேருந்திலும் போகிறார்கள். கால் வலி மிச்சம் என்பது நல்ல விஷயம்தான். கூடவே அந்த எல்லைக்குக் கீழே நழுவுபவர்களும் பெருகுகிறார்கள்.

எடையை இறக்குவதற்குப் பிடி கிடைக்கும் இடம் சமையலறை. அங்கே பால்கோவா ஒரு பொருட்டே அல்ல. அது எப்போதோ வருவது. தினமும் வருவது எண்ணெய். ஒரு லிட்டர் எண்ணெயில் ஏறக்குறைய 8,300 கலோரி இருக்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் நான்கு லிட்டர் தீர்கிறது என்றால், தலைக்கு ஒரு நாளைக்கு 275 கலோரி எண்ணெயாக மட்டுமே உள்ளே போகிறது. தாளிப்பிலும் வறுவலிலும் தோசைக்கல்லின் ஓரத்திலும் அது போவது கண்ணுக்குத் தெரியாது. பாட்டிலிலிருந்து நேரே ஊற்றாமல் ஒரு சிறு கரண்டியால் அளந்து ஊற்றி நான்கு லிட்டரை இரண்டாக்கிவிட்டால், ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 140 கலோரி குறையும். 70 கிலோ எடைக்காரர் அதை நடந்து செலவழிக்க நான்கு கிலோமீட்டர் போக வேண்டும், அதுவும் ஒரு நாள் தவறாமல்.

இந்த 140 கலோரியால் எத்தனை கிலோ குறையும்? 1958-இல் மாக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற மருத்துவர் சொன்ன கணக்குப்படி ஒரு கிலோ கொழுப்பிழை 7,700 கலோரிக்குச் சமம். அதை வைத்து வகுத்தால் ஆண்டுக்கு ஆறரை கிலோ, பத்தாண்டில் 65 கிலோ குறைய வேண்டும். மனிதரே மிஞ்சமாட்டார்! எடை குறையக் குறைய உடலின் செலவும் குறைகிறது என்பதை அந்த வகுத்தல் கணக்கு மறந்துவிடுகிறது. சின்ன உடலைச் சுமக்கவும் ஓட்டவும் குறைந்த எரிபொருளே போதும். அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழு 2011-இல் கொடுத்த திருத்தம் நடைமுறைக்கு நெருக்கமானது: தினமும் 24 கலோரி குறைத்து, அதை விடாமல் காத்தால் கடைசியில் ஒரு கிலோ குறையும், அதில் பாதி முதல் ஆண்டில், மீதியில் பெரும்பகுதி அடுத்த இரண்டு ஆண்டுகளில். சமையல்கட்டில் மிச்சமான எண்ணெய் மூன்று ஆண்டுகளில் ஐந்தரை கிலோ அளவுக்குக் குறைக்கும். மெதுவானதுதான். மாதம் பத்து கிலோ குறைப்பதாகச் சுவரொட்டி ஒட்டுபவர்களிடம் பணத்தைக் கொட்டிவிட்டு ஏமாந்து நிற்பவர்களுக்கு இந்த எண்ணை யாராவது முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்துவிட்டது என்று மகிழ்வதும், மூன்றாம் வாரத்தில் முள் நகரவில்லை என்று கைவிடுவதும் இதே அறியாமையால் வருவது. ஈரலிலும் தசையிலும் கிளைகோஜனாகச் சேமித்திருக்கும் மாவுச்சத்து, ஒரு கிராமுக்கு மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரையும் பிடித்து வைத்திருக்கிறது. சோற்றைக் குறைத்ததும் அது முதலில் தீர்கிறது, தண்ணீரும் வெளியேறுகிறது. எடைமேடை காட்டிய இரண்டு கிலோவில் பெரும்பகுதி அந்தத் தண்ணீர்தான்.

குறைந்த எடை நிற்குமா என்பது தனிக் கேள்வி. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடைக் குறைப்புப் போட்டி ஒன்று நடந்தது. முப்பது வாரங்கள் கடும் உணவுக் கட்டுப்பாடும் கடும் பயிற்சியும். பங்கேற்றவர்களில் 14 பேரை ஹால் குழு ஆறு ஆண்டுகள் கழித்து மறுபடி அளந்தது. சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தவர்கள் அதில் 41 கிலோவைத் திரும்ப ஏற்றியிருந்தார்கள். அவர்களின் இருப்புச் செலவு, அந்த உடல் அளவுக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்கு 500 கலோரி குறைந்தே இருந்தது. பஞ்ச காலம் வந்துவிட்டது என்று நினைத்து உடல் ஆறு ஆண்டுகளாகச் சிக்கனம் பிடித்துக்கொண்டிருந்தது.

அந்த 14 பேருக்குள்ளும் சிலர் குறைத்த எடையில் பெரும்பகுதியைக் காப்பாற்றியிருந்தார்கள். 2017-இல் வந்த அடுத்த ஆய்வு இரு பிரிவினரையும் ஒப்பிட்டது. உணவைக் குறைத்த அளவில் இருவருக்கும் பெரிய வேறுபாடில்லை. உடலுழைப்பில்தான் மலைக்கும் மடுவுக்குமான இடைவெளி: எடையைக் காத்தவர்கள் போட்டிக்கு முன் இருந்ததைவிட 160 விழுக்காடு கூட்டியிருந்தார்கள், திரும்ப ஏற்றியவர்கள் 34 விழுக்காடு. இறக்கி விடுவதற்குத் தட்டும், இறங்கியதைப் பிடித்து நிறுத்துவதற்குக் காலும் என்று வேலையைப் பிரித்துக்கொள்வதே நடைமுறையில் பலன் தருகிறது. இறக்கும்போது காலையே நம்பியிருப்பவரும், நிறுத்தும்போது தட்டையே நம்பியிருப்பவரும் ஏமாறுகிறார்கள்.

ஆண்டாள் பிறந்த ஊர் என்பதால் இங்கே நோன்பைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. திருப்பாவையில் நோன்பு தொடங்கும்போது ஆயர்குலப் பெண்கள் நெய்யையும் பாலையும் விலக்குகிறார்கள். இருபத்தேழாம் பாசுரத்தில் நெய் வழியும் பால்சோற்றோடு நோன்பு நிறைகிறது. மார்கழி 27-இல் கூடாரவல்லி அன்று வைணவ வீடுகளில் அக்காரவடிசில் பொங்குவது அதனால்தான். நோன்பின் நோக்கம் இறைவன். உடல் எடை அல்ல. ஆகவே அதற்கு முடிவு நாள் இருப்பது பொருத்தம், அந்த நாளில் நெய் வழிவது அழகு. டயட் என்று இறங்குபவர்களும் நோன்பைப் போலவே நாள் குறித்துக்கொள்கிறார்கள். தங்கை கல்யாணம் வரை, மாஸ்டர் செக்கப் வரை என்று. அந்த நாள் வந்ததும் பழைய தட்டு பழைய அளவில் திரும்பி வருகிறது. உடல் மட்டும் பழைய உடலாக இல்லை, முன்னைவிடக் குறைவாகச் செலவழிக்கும் உடலாக மாறியிருக்கிறது.

உடலுழைப்பை விடாமலிருக்க இன்னொரு காரணம் தசையைக் காப்பது. சாப்பாட்டை மட்டும் குறைத்தால், குறையும் எடையில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பாக இல்லாமல் தசை முதலியவையாகப் போகிறது. எடை திரும்பி ஏறும்போது கொழுப்பாகவே ஏறுவது எளிது. தசையைத் தக்கவைக்கச் சுமை வேண்டும், புரதம் வேண்டும். குழம்பில் பருப்பும் மொச்சையும் கூடி, சோறு ஒரு கரண்டி குறைந்து, முட்டையோ மீனோ தயிரோ தட்டில் நிலைத்தால் புரதத்துக்கு வழி பிறக்கும். சுமைக்கு உடற்பயிற்சிக் கூடம்தான் வேண்டும் என்பதில்லை. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பதினைந்து தடவை எழுந்து உட்கார்ந்தாலே தொடைக்கு வேலைதான்.

மலை ஏறுபவர்களுக்கு இது புரியும். தாணிப்பாறையிலிருந்து சதுரகிரி ஏறும்போது, 70 கிலோ உடலை ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்குத் தூக்கவும் தசைகள் சுமார் 65 கலோரி எரிக்கின்றன. சமதரை நடையில் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டருக்கு ஆகும் செலவு. இறங்கும்போது கலோரி அதிகம் போகாது. ஆனால் மறுநாள் படி இறங்க முடியாமல் தொடையைப் பிடித்துக்கொள்ள வைப்பது அந்த இறக்கம்தான். நீண்டுகொண்டே எடையைத் தாங்கும் தசைநார்களில் நுண்ணிய சிதைவு ஏற்பட்டு, அது ஆறும்போது தசை வலுப்படுகிறது. அமாவாசைக்கு அமாவாசை ஏறுவது பக்திக்குப் போதும். தசைக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது வேலை வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் சோற்றைக் குறைப்பதற்கும் மலை ஏறுவதற்கும் முன்னால் மருத்துவரிடம் அளவைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் வழியில் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம்.

எதை வைத்து அளப்பது என்பதிலும் இந்திய உடலுக்குத் தனிக் கணக்கு உண்டு. 2004-இல் லான்செட் இதழில் புணேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக், லண்டன் விஞ்ஞானி யுட்கின் இருவரின் படம் பக்கம் பக்கமாக வெளியானது. உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே: 22.3. உடலில் உள்ள கொழுப்பு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. சட்டை போட்டு நின்றால் இருவரும் ஒல்லிதான். இந்தியர்களுக்கு அந்தக் குறியீடு 23-ஐத் தாண்டினாலே அதிக எடை என்று எடுத்துக்கொள்வதும், எடைமேடையைவிட இடுப்புச் சுற்றளவை நம்புவதும் இதனால்தான். 2023-இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ‘இந்தியாப்’ (INDIAB) ஆய்வின்படி நாட்டில் வயது வந்தவர்களில் 39.5 விழுக்காட்டினருக்கு வயிற்றுப் பருமன் இருக்கிறது.

அதற்குத் தையல்காரரின் டேப் போதும். காலையில் காபிக்கு முன்னால், மூச்சை இயல்பாக விட்டபின், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே சுற்றிப் பார்க்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுக்கக் கூடாது, டேப்பும் தோலை அழுத்தக் கூடாது. தாண்டக் கூடாத எல்லை ஆணுக்கு 90 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தைந்தரை அங்குலம். பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர், முப்பத்தொன்றரை அங்குலம். எடைமேடையின் முள் அசையாத மாதத்திலும், நடந்துகொண்டும் எண்ணெயை அளந்து ஊற்றிக்கொண்டும் இருப்பவருக்கு, இந்த டேப் அரை அங்குலம் உள்ளே வந்திருக்கலாம்.